மாம்பழம் விற்க நாற்பதாயிரம்: எந்த விளம்பரத்தில் போடலாம்?

மாமரத்தில் பிஞ்சு பிடிக்கும்போதே கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு போன் வர ஆரம்பித்துவிடுகிறது. "சார், உங்க வெப்சைட்டை கூகுள்ல முதல் இடத்துக்குக் கொண்டு வந்து தரோம். ஐந்நூறு லிங்க், நூறு ஃபைவ் ஸ்டார் ரிவ்யூ, எல்லாம் ஒரே பேக்கேஜ்." பேசுபவர் மாம்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. என்ன ரகம், எப்போது பறிப்பு, எந்த ஊருக்கு அனுப்புவீர்கள், எதுவும் அவருக்கு வேண்டாம்.

முன்பு இந்தத் தொல்லை இல்லை. தோப்பைக் குத்தகைக்கு விடுவார்கள், இல்லையென்றால் பறித்து மண்டிக்கு ஏற்றுவார்கள், பெங்களூராவைக் கூழ் ஆலைக்கு அனுப்புவார்கள். 2025 சீசனில் பெங்களூரா கிலோ நான்கைந்து ரூபாய்க்கு விழுந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ரகம் ஆலைச் சரக்கு, பெட்டி போட்டு வீட்டுக்கு அனுப்பித் தேறாது. ஆனால் அதில் பட்ட அடிதான், கையிலிருக்கும் செந்தூரா, அல்போன்சா, மல்கோவா, இமாம் பசந்த் மரங்களையாவது நாமே நேராக விற்போம் என்று பலரை யோசிக்க வைத்தது. பெங்களூரு இங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர்தான். சாயங்காலம் பார்சல் போட்டால் காலையில் போய்ச் சேர்ந்துவிடும்.

சந்தூர் பக்கம் சின்னத் தோப்பு வைத்திருக்கும் என் அக்கா மகன் கேட்டதும் இதைத்தான். "மாமா, விளம்பரத்துக்குன்னு நாப்பதாயிரம் ஒதுக்கியிருக்கேன். எதுல போட்டா நாலு காசு பார்க்கலாம்?" கடைகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். காவேரிப்பட்டினத்தில் நிப்பட் (தட்டை) போடுபவருக்கும், தர்மபுரியில் புளியும் ராகி மாவும் விற்பவருக்கும், ஒகேனக்கல்லில் லாட்ஜ் நடத்துபவருக்கும் கணக்கு பெரிதாக மாறாது.

அவன் முன்னால் ஐந்து வழிகள் இருந்தன. ஏஜென்சியின் லிங்க், ரிவ்யூ பேக்கேஜ் ஒன்று. யூடியூப், இன்ஸ்டாகிராமில் வீடியோ போடுபவர்களைப் பிடிப்பது ஒன்று. கூகுளுக்கோ பேஸ்புக்குக்கோ நேராகக் காசு கட்டி விளம்பரம் கொடுப்பது மூன்றாவது. வாட்ஸ்அப் நாலாவது. தன் தளத்திலேயே நல்லபடியாக எழுதி, தேடுபவர்கள் தானாக வரும்வரை பொறுப்பது கடைசி. இவற்றில் எது நியாயம், எது இல்லை என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்தப் பெட்டி உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று வாங்கியவரிடமே ஒளிக்காமல் சொல்ல முடியுமா? சட்டமும் கூகுளின் விதிகளும் அப்புறம்தான். பார்த்தால், அவையும் பெரும்பாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

முதலில் ஒரு பெட்டிக் கணக்கு

நியாயம் பேசுவதற்கு முன்னால் காசைப் பேசிவிடலாம். ஐந்து கிலோ பெட்டியை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஆயிரம் ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மண்டியில் கிடைத்திருக்கக்கூடிய விலையையும் பறிகூலியையும் சேர்த்துப் பழத்துக்கு நானூறு, அட்டைப்பெட்டிக்கும் வைக்கோலுக்கும் அறுபது, பார்சலுக்கு இருநூறு, நசுங்கியதற்கும் அழுகியதற்கும் ஈடாக அறுபது. மிச்சம் இருநூற்று எண்பது. இப்போது விளம்பரத்தை ஒருவர் தொடுவதற்கு ஆறு ரூபாய் ஆகிறது, நாற்பது பேர் தொட்டால் ஒருவர் வாங்குகிறார் என்றால், ஒரு ஆர்டரைப் பிடிக்க இருநூற்று நாற்பது ரூபாய் போய்விடும். கையில் நிற்பது நாற்பது ரூபாய். அதை லாபம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அதே ஆள் பழம் நன்றாக இருந்தது என்று பதினைந்து நாள் கழித்து இன்னொரு பெட்டி கேட்டால், அந்த ஆர்டருக்கு விளம்பரச் செலவே கிடையாது. இருநூற்று எண்பதும் முழுதாக நிற்கும். அடுத்த வருஷமும் கேட்டால் சொல்லவே வேண்டாம். ரேட்டெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் முதல் பெட்டியில் ஒன்றும் மிஞ்சாது, இரண்டாவது பெட்டியில்தான் வியாபாரம் இருக்கிறது என்பது மாறாது. ஐந்து வழிகளையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது பெட்டியைக் கெடுக்கிற எந்த வழியும் எவ்வளவு மலிவாக வந்தாலும் நட்டம்தான்.

காசுக்கு லிங்க், காசுக்கு ரிவ்யூ

வேறு ஒரு தளம் உங்கள் தளத்துக்கு லிங்க் கொடுத்தால் அதை உங்களுக்குச் சாதகமான ஒரு சாட்சியாகக் கூகுள் எடுத்துக்கொள்கிறது. ஆரம்பத்திலிருந்தே அதன் அடிப்படை இதுதான். சாட்சிக்கு மதிப்பு இருக்கும் இடத்தில் பொய்ச்சாட்சிக்கும் சந்தை இருக்கும். ஐந்நூறு லிங்க் என்று பேக்கேஜில் சொல்வது, யாருமே படிக்காத, மாம்பழத்துக்கும் விவசாயத்துக்கும் சம்பந்தமில்லாத ஐந்நூறு பக்கங்களின் மூலையில் உங்கள் முகவரியைச் சொருகி வைப்பது.

கூகுள் இதற்கு எதிராக இருபது வருஷமாகச் சண்டை போடுகிறது. நம்பி உறுதி சொல்ல முடியாத லிங்கைத் தனியாகக் குறித்துவைக்க 2005-இல் ஓர் அடையாளம் வந்தது. விளம்பர லிங்குக்கென்றே இன்னொன்று 2019-இல் வந்தது. 2006-இல் பி.எம்.டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே, தேடுபொறிக்கு ஒன்றும் ஆளுக்கு ஒன்றும் காட்டியதற்காகத் தேடலில் இருந்து தூக்கினார்கள். 2011-இல் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் காசு லிங்குகள் இருந்தது பத்திரிகையில் வெளிவந்தது. முதல் இடத்தில் இருந்தவர்கள் சில நாளில் எங்கேயோ போய்விட்டார்கள். 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல் முறையில் செய்த 'பென்குயின்' என்ற மாற்றம் இந்த வகைத் தளங்களைக் கூட்டமாகக் கீழே தள்ளியது.

"அவங்க பெரிய கம்பெனி சார், நம்மளை யார் பார்க்கப் போறாங்க? பிடிபட்டா வேற பேர்ல சைட் போட்டுக்கலாம்" என்று ஏஜென்சிக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் பாதி சரி. சின்னத் தோப்புக்காரரைத் தேடி வந்து தண்டிக்கக் கூகுளுக்கு நேரமில்லை. ஆனால் 2016-க்குப் பிறகு பென்குயின் பெரும்பாலும் தண்டிப்பதை விட்டுவிட்டு, அப்படிப்பட்ட லிங்குகளைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாமல் தள்ளிவிடுகிறது. ஆக, பயப்பட வேண்டியது தண்டனைக்கு அல்ல. காசு போய் ஒன்றுமே நடக்காமல் இருக்கும், அதுதான் நிஜமான ஆபத்து. முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. அப்புறம், வேறு பெயரில் தளம் போடுவது ஏஜென்சிக்குச் சுலபம். பெட்டியில் அச்சடித்த பெயர் உங்களுடையது.

ரிவ்யூ விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் இங்கே ஏமாறுவது மெஷின் இல்லை, ஆள். காசுக்கு வாங்கிய ரிவ்யூ எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் நம் ஊர்க் கடைகள் சிலவற்றின் மேப் பக்கத்தைத் திறந்து பொறுமையாகப் படித்தாலே போதும். மாந்தோப்புக்கு "மிக நல்ல சேவை, ஊழியர்கள் பண்பாக நடந்துகொள்கிறார்கள்" என்று ஆங்கிலத்தில் இருக்கும். தோப்பில் ஏது ஊழியர்? அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தால், அதே வாரம் ஜெய்ப்பூரில் பல் டாக்டரையும் லக்னோவில் ஜிம்மையும் புனேயில் பேக்கர்ஸ் மூவர்ஸையும் அதே வாசகத்தில் அவர் புகழ்ந்திருப்பார். பக்கத்திலேயே நிஜ ஆள் ஒருவர் எழுதியிருப்பார்: "ரெண்டு பழம் காம்புகிட்ட கறுத்திருந்தது, மத்ததெல்லாம் தேன். போன் பண்ணதும் பேசினாங்க." நான் வாங்குபவனாக இருந்தால் இந்த ஒன்றைப் படித்துத்தான் ஆர்டர் போடுவேன். நூறு பொய்க்கு நடுவே அது காணாமல் போய்விடுகிறது என்பதே என் வருத்தம்.

2023-இல் மட்டும் விதிமீறிய 17 கோடிக்கும் மேற்பட்ட ரிவ்யூக்களை நீக்கியதாகக் கூகுள் அறிவித்தது. காசு கொடுத்து வாங்கியவை ஒரே ராத்திரியில் காணாமல் போவது இப்படித்தான். நம் நாட்டில் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே ஒரு தரம் கொண்டுவந்தது. கட்டாயமில்லை, விருப்பத்தின் பேரில்தான். ஆனால் 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விருப்பத்தைக் கேட்பதில்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் தடவை பத்து லட்சம் ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் ஐம்பது லட்சம் வரை அபராதம் போட அதில் இடமிருக்கிறது.

இங்கே ஒரு நடுத்தரக் குறுக்குவழியும் உண்டு. "ஃபைவ் ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க, அடுத்த பெட்டியில ஐம்பது ரூபாய் தள்ளுபடி." பலர் இதைத் தப்பென்றே நினைப்பதில்லை. ஆனால் ரிவ்யூவுக்குக் கைம்மாறாக எதையும் கொடுக்கக் கூடாது என்பது கூகுளின் விதி. சந்தோஷமாக இருப்பவரிடம் மட்டும் ரிவ்யூ கேட்டு, புகார் சொல்பவரை வேறு பக்கம் திருப்பிவிடுவதும் கூடாது. செய்யக்கூடியது எளிது: எல்லாப் பெட்டியிலும் ஒரே சீட்டு, அதில் ரிவ்யூ பக்கத்துக்கான க்யூஆர் கோடு, "எப்படி இருந்ததோ அப்படியே எழுதுங்கள்" என்று ஒரு வரி. இதற்கு ஆகும் செலவு அச்சுக்கூலி.

வீடியோ போடுபவர்கள்

சாப்பாட்டு வீடியோ போடும் ஒருவர் தோப்புக்கு வந்து, மரத்தடியில் நின்று பழத்தைக் கடித்து, சாறு முழங்கைவரை வழிய "வேற லெவல்" என்று சொன்னால் சரக்கு நகரும். இதை நான் மறுக்கவில்லை. அந்த வழி நியாயமானதா என்றால், ஆகலாம். ஒரே நிபந்தனை, காசு வாங்கியது தெரிய வேண்டும்.

விளம்பரத் தர கவுன்சில் 2021 ஜூனிலிருந்தும், மத்திய அரசு 2022 ஜூன், 2023 ஜனவரி வழிகாட்டிகள் மூலமாகவும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. பணம் மட்டும் கணக்கில்லை. இலவசப் பொருள், தங்க இடம், தள்ளுபடி, சொந்தபந்தம் எல்லாமே சொல்லப்பட வேண்டிய தொடர்புதான். ஒரு பெட்டி இமாம் பசந்த் ஓசியில் கொடுத்தாலும் அது சேரும். வீடியோ எந்த மொழியோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும். தமிழில் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, கீழே குறிப்பில் பத்து ஹேஷ்டேகுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் போட்டு மறைப்பது செல்லாது. தவறினால் விளம்பரம் பேசியவருக்கே ஒரு வருஷம் வரை தடை வரலாம். யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் கட்டண விளம்பரம் என்று காட்டுவதற்கான வசதி இருக்கிறது. அதைப் போடமாட்டேன் என்று சொல்லும் ஆளை விட்டுவிடுங்கள். "அது போட்டா வியூஸ் குறையும் ப்ரோ" என்பார்கள். குறையட்டும்.

ஆனால் எந்த லேபிளாலும் சரிசெய்ய முடியாத ஒரு பொய் இதில் இருக்கிறது. வீடியோவுக்கென்று தனியாகப் பொறுக்கி அடுக்கிய பெட்டி. கேமரா முன்னால் திறப்பது ஒரே அளவில், ஒரே நிறத்தில், புள்ளி இல்லாத பன்னிரண்டு பழம். கோயம்பேடு தாண்டி வாடிக்கையாளர் திறப்பது பார்சல் வேனில் மூலையில் இடிபட்ட பெட்டி. அதனால் அக்கா மகனிடம் சொன்னேன், வீடியோ எடுப்பவரைத் தோப்புக்குக் கூப்பிடாதே. அவர் வீட்டு முகவரிக்கு மற்றவர்களுக்கு அனுப்புவது போலவே பார்சலில் அனுப்பு, வந்ததை வந்தபடி திறக்கச் சொல். அவன் முகம் சுருங்கியது. பெட்டியைக் கொஞ்சம் கெட்டியாகப் போட ஆரம்பித்தான். அந்த அளவுக்கு லாபம்.

ஐந்து லட்சம் பேர் பார்க்கும் சேனலைவிட, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி, ஓசூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பார்க்கும் சின்னச் சேனல் மேல். திருநெல்வேலியிலிருந்து ஆர்டர் வந்தால் அனுப்பப் பழம் தாங்காது.

நேரடி விளம்பரம்: நியாயம்தான், வாசகத்தில் கவனம்

என் பார்வையில் முதல் சீசனுக்கு இதுதான் சரியான வழி. கூகுளிலோ பேஸ்புக்கிலோ காசு கட்டிக் கொடுக்கும் விளம்பரத்தின் மேலேயே அது விளம்பரம் என்று போட்டிருக்கும். ஒளிவுமறைவு இல்லை. ஆர்டர் வருகிறதா இல்லையா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், வராவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். பின்கோடு வாரியாகக் காட்டலாம் என்பதால் பழம் தாங்கும் தூரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

வழி சுத்தம், ஆனால் அதில் எழுதும் வார்த்தை அப்படி இல்லாமல் போகலாம். மாம்பழத்தில் மூன்று வார்த்தைகள் எப்போதும் வம்புக்கு இழுக்கும்.

ஒன்று, "சேலம் மாம்பழம்". தேடுபவர்கள் அப்படித்தான் தேடுகிறார்கள். அந்தப் பெயரில் விற்பதில் எவ்வளவோ நம் பக்கத்துச் சரக்கு என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். 1965 வரை தர்மபுரியே சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது, கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-இல். ஆக, வரலாற்றைக் காட்டி வாதாடலாம். நான் வாதாட மாட்டேன். சேலம் மாம்பழம் என்று தேடுபவருக்கு உங்கள் விளம்பரம் தெரியும்படி வைப்பதில் தப்பில்லை. பழம் வேண்டும் என்றுதான் தேடுகிறார். ஆனால் விளம்பரத்தின் தலைப்பில் "ஒரிஜினல் சேலம்" என்று போட்டால் பொய். "கிருஷ்ணகிரி, சந்தூர் தோப்பிலிருந்து" என்று போடுங்கள். நம் ஊர்ப் பெயரில் என்ன குறைச்சல்?

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வி, பக்கத்துத் தோப்புக்காரர் பெயரைத் தேடினால் நம் விளம்பரம் வரும்படி செய்யலாமா என்பது. அடுத்தவர் வணிகப் பெயரைத் தேடல் சொல்லாக வைப்பது மட்டுமே குற்றமாகிவிடாது, வாங்குபவர் குழம்பினால்தான் பிரச்சினை என்று 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. சட்டம் விட்டாலும் நான் செய்யச் சொல்ல மாட்டேன். நாளைக்கு அவர் வீட்டுக் கல்யாணத்தில் அவர் பக்கத்து இலையில் உட்கார வேண்டியிருக்கும்.

இரண்டாவது வார்த்தை, "கல் வைக்காதது". கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது 2011-இன் உணவுப் பாதுகாப்பு விதிப்படியே தடை. செய்யக் கூடாததைச் செய்யவில்லை என்று பெருமை பேசுவது எனக்குக் கொஞ்சம் உறுத்தும், ஆனால் வாங்குபவர் பயப்படுவது அதற்குத்தான், அதனால் சொல்லலாம். வம்பு வருவது "இயற்கையாகப் பழுத்தது" என்னும்போது. எத்திலீன் வாயு அறையில் பழுக்க வைப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது, பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவு வரை. உடம்புக்குக் கெடுதல் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அறையிலிருந்து எடுத்த பழத்துக்கு இயற்கை என்று போட்டால் அது உண்மையில்லை. இருப்பதைச் சொன்னாலே போதும்: "முற்றியதும் பறிக்கிறோம், வைக்கோல் போட்டு அனுப்புகிறோம், உங்கள் வீட்டில் மூன்று நான்கு நாளில் பழுக்கும்." இதைப் படித்துவிட்டு வாங்குபவர் பெட்டியில் காயைப் பார்த்துக் கோபப்பட்டு போன் பண்ண மாட்டார். அந்த மிச்சமே பெரிய மிச்சம்.

மூன்றாவது "ஆர்கானிக்". 2017-இன் விதிப்படி அப்படிச் சொல்லி விற்க என்.பி.ஓ.பி (மத்திய அரசின் இயற்கை உற்பத்தித் திட்டம்) அல்லது பி.ஜி.எஸ் (விவசாயிகளே குழுவாக ஒருவரையொருவர் சரிபார்க்கும் முறை) சான்று வேண்டும். விவசாயியே நேராகச் சாப்பிடுபவருக்கு விற்கும்போது சில தளர்வுகள் உண்டு. தளர்வு இருக்கிறது என்பதற்காகப் பூச்சிமருந்து அடித்த தோப்புக்கு அந்தப் பெயர் பொருந்திவிடாது. தத்துப்பூச்சிக்கு ஒரு தடவை அடித்திருந்தாலும், எப்போது அடித்தோம், பறிப்புக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்தினோம் என்று எழுதிவிடுங்கள். மூடி மறைத்து ஆர்கானிக் என்பவரைவிட இவரை நம்பலாம் என்று வாங்குபவர் நினைப்பார். சிலர் நினைக்க மாட்டார்கள், போகட்டும்.

விளம்பரத்தைத் தொட்டு உள்ளே வந்ததும் நடப்பதும் இதே கணக்கில் சேரும். "இன்னும் 7 பெட்டி மட்டுமே! 09:59 நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று ஓடும் கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தை மறுபடி திறந்தால் மறுபடி 09:59. வெப்சைட் போடுபவர்கள் இதை ஒரு ரெடிமேட் பொருளாகவே சேர்த்துத் தருகிறார்கள். கேட்டால் நானும் இரண்டே நிமிஷத்தில் பொருத்திவிடுவேன், ஆனால் செய்வதில்லை. 2023 நவம்பர் 30-இல் வந்த அரசு வழிகாட்டி பதின்மூன்று வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. போலி அவசரம் அதில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், கடைசிப் பக்கத்தில் பேக்கிங் சார்ஜ் என்று விலையை ஏற்றுவதும் அதே பட்டியலில் இருக்கின்றன. மாம்பழத்துக்குப் போலி அவசரம் எதற்கு? மல்கோவா சீசன் உண்மையிலேயே சில வாரம்தான். அதைத் தேதி போட்டுச் சொன்னாலே வாங்குபவர் அவசரப்படுவார்.

வாட்ஸ்அப்

இரண்டாவது பெட்டி வரும் வழி இது என்பதால் ஐந்திலும் எனக்குப் பிடித்தது இதுதான். அதே சமயம் நம் ஊரில் அதிகமாக நாசம் பண்ணப்படுவதும் இதுதான். "ஓசூர் அபார்ட்மென்ட் டேட்டா, பத்தாயிரம் நம்பர்" என்று விற்பார்கள். அந்தப் பத்தாயிரம் பேரில் ஒருவர்கூட உங்களிடமிருந்து செய்தி வரட்டும் என்று சொன்னதில்லை. எஸ்எம்எஸ் என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி முன்பதிவு இல்லாமல் கூட்டமாக விளம்பரம் அனுப்பவே முடியாது, 1909-க்குப் புகார் போகும். வாட்ஸ்அப்பில் அந்தத் தடை இல்லை, ஆனால் நாலு பேர் பிளாக் பண்ணிப் புகார் அடித்தால் நம்பரையே முடக்கிவிடுவார்கள். சீசன் நடுவில் வியாபார நம்பர் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பார்சலுக்காக வாங்கிய நம்பருக்கு அடுத்த வருஷம் விளம்பரம் அனுப்பலாமா? முகவரி கண்டுபிடிக்கக் கொடுத்தது வேறு, விளம்பரத்துக்குச் சம்மதம் கொடுப்பது வேறு; எதற்காகக் கேட்கிறோமோ அதற்கு மட்டும் என்பதே 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுச் சட்டத்தின் அடிப்படையும். வழி இருக்கிறது. ரிவ்யூவுக்கு வைக்கும் அதே சீட்டில் இன்னொரு வரி: "அடுத்த சீசனில் தகவல் வேண்டுமானால் இந்த நம்பரை சேவ் பண்ணி, 'மாம்பழம்' என்று ஒரு மெசேஜ் போடுங்கள்." வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் உங்கள் நம்பரை சேவ் செய்தவருக்கு மட்டுமே போகும், ஒரு பட்டியலுக்கு 256 பேர். ஆகவே கேட்டு வாங்கிய சம்மதம் நியாயத்துக்கு மட்டுமில்லாமல், செய்தி போய்ச் சேரவும் வேண்டியிருக்கிறது. பத்தாயிரம் நம்பரை விலைக்கு வாங்குபவருக்கு இது தெரிவதில்லை.

அபார்ட்மென்ட் குழு அட்மினுக்குப் பெட்டிக்கு முப்பது ரூபாய் கமிஷன் கொடுத்து, "எங்க சொந்தக்காரர் தோப்பு, ரொம்ப நல்லா இருக்கும்" என்று போடச் சொல்வது இப்போது சகஜமாகிவிட்டது. யூடியூபர் கதைதான், மேடை சின்னது. கமிஷன் கொடுங்கள், தப்பில்லை. "நான் ஆர்டர் சேர்த்துக் கொடுக்கிறேன், எனக்குக் கமிஷன் உண்டு" என்று அவர் போடட்டும். அபார்ட்மென்ட்காரர்கள் அதற்காக வாங்காமல் இருக்க மாட்டார்கள்.

பொறுத்து எழுதுவது

எல்லோரும் இதைத்தான் உத்தமமான வழி என்பார்கள். நியாயத்தில் குறையே இல்லை. ஆனால் முதல் சீசனுக்கு இதை நம்பினால் பழம் மரத்திலேயே உதிரும். புதுத் தளம் தேடலில் மேலே வர மாதக்கணக்கில் ஆகும், மாம்பழம் அதுவரை காத்திருக்காது. செந்தூராவுக்கும் பங்கனப்பள்ளிக்கும் வித்தியாசம், பெட்டியில் வந்த காயை எப்படிப் பழுக்க வைப்பது என்று ஐந்தாறு பக்கம், தோப்பில் எடுத்த போட்டோவோடு எழுதிப் போட்டுவிடுங்கள். அடுத்த வருஷத்துக்கு உதவும். ஏஐ வைத்து இருநூறு பக்கம் கொட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். படிப்பவருக்கு உதவாமல் தேடலில் மேலே வருவதற்காகவே கூட்டமாகத் தயாரிக்கும் பக்கங்களை 2024 மார்ச்சில் கூகுள் ஸ்பாம் பட்டியலில் சேர்த்துவிட்டது.

நாற்பதாயிரம் எங்கே போனது

நான் சொன்ன பிரிப்பு இது. ஏஜென்சிக்கு ஒரு பைசா கிடையாது. இருபதாயிரம் நேரடி விளம்பரத்துக்கு, அதுவும் பெங்களூரு, ஓசூர், சென்னைக்கு மட்டும், அல்போன்சா பறிப்பு தொடங்கிய பிறகு. எட்டாயிரம் கட்டண விளம்பரம் என்று போடச் சம்மதிக்கும் ஒரு சின்னச் சேனலுக்கு. இரண்டாயிரம் சீட்டு அச்சடிக்க. மீதிப் பத்தாயிரத்தை விளம்பரத்தில் போடவே வேண்டாம், அழுகல் புகார் வந்தால் கேள்வி கேட்காமல் பணம் திருப்பிக் கொடுக்க வைத்துக்கொள் என்றேன். "அது எப்படி மாமா விளம்பரச் செலவாகும்?" என்றான். பணம் திரும்பக் கிடைத்தவர் ரிவ்யூவில் என்ன எழுதுகிறார் என்று பார்த்துவிட்டுப் பேசு என்றேன். இதில் அவன் இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை, சேனலுக்கு இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம் என்றே நினைக்கிறான். அது அவன் காசு.

இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன். விளம்பரத்துக்கு முடியும் தேதியை முதல் நாளே போட்டு வைக்க வேண்டும். பழம் தீர்ந்த பிறகும் விளம்பரம் ஓடினால், வந்தவரிடம் "அல்போன்சா முடிஞ்சிடுச்சு, நீலம் இருக்கு, தரட்டுமா?" என்று கேட்கத் தோன்றும். இல்லாத சரக்கைக் காட்டி இழுத்து வேறொன்றைத் தள்ளுவதை மத்திய அரசின் அதே 2022 வழிகாட்டி பெயர் சொல்லியே தடுக்கிறது. நீலம் விற்க வேண்டுமானால் நீலத்துக்கென்று தனி விளம்பரம் போடட்டும். ஜூலையில் மற்ற ரகங்கள் ஓய்ந்தபின் அதற்கும் ஆள் இருக்கிறார்கள்.